பொற்கொடியின் புதுக் கம்ப்யூட்டர்

கடையில் வாங்கியது கெட்டால் கடைக்காரனைத் திட்டலாம். தானே திருகித் திருகிச் சேர்த்தது கெட்டால் யாரைத் திட்டுவது? பொற்கொடி தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், அதுவும் வாய்விட்டு.

சூலூரில் விசைத்தறிகளுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் அவளும் அம்மா பொன்னாத்தாளும்தான். பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு லாரி இடுப்பில் இடித்துவிட்டுப் போனது. பஸ் ஏற முடியாமல் போனது, வேலையும் போனது. வீட்டிலிருந்தே பம்ப் வரைந்து கொடுக்கும் வேலைக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தேர்வு வைத்தது. அவர்கள் அங்கிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் தன் கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும். ஒரே வாய்ப்பு. அதற்காகத்தான் பாகம் பாகமாக வரவழைத்து, வீடியோ பார்த்து, கட்டிலில் சாய்ந்தபடியே ஸ்க்ரூ டிரைவர் பிடித்து அதைச் சேர்த்தாள்.

முதலில் விளக்கு எரிந்தபோது அம்மாவும் மகளும் கைதட்டினார்கள். மறுநாளே மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. அது சின்னக் கோளாறுதான், மவுஸை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் சரியாவதற்குள் அவள் அழுத அழுகையைப் பொன்னாத்தாள் பார்த்துவிட்டாள்.

பிறகு வந்தது வேறு சனியன். போட்டவுடன் நன்றாக ஓடும். கொஞ்ச நேரம் போனால் கோடு இழுக்க இழுக்கப் பின்தங்கும், பாட்டு வெட்டி வெட்டிக் கேட்கும், கடைசியில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ரேமைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினாள். ஒன்றும் பலிக்கவில்லை. பாகங்களை விற்ற ரிஃபத் வந்து அதைப் பைக்கில் கடைக்குக் கொண்டுபோனான்.

"இங்க பொளந்து கட்டுதுங்க," என்றான் போனில். "உள்ள கொஞ்சம் வெள்ளையாத் தூசி இருந்துச்சுங்க. தறிப் பஞ்சாட்ட இருக்குது. ஊதி உட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து சில நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு பழைய கதை. தறிக்கூடத்துப் பக்கம் இருந்த ஜன்னலை அடைத்துவிட்டுப் புழுக்கத்தில் வெந்தாள். அதற்கும் அது மசியவில்லை. இனி இது தேறாது என்று அவளுக்கே தோன்றிவிட்டது. ஆனாலும் தேர்வு நாள் வந்துவிட்டது.

பாதி பம்ப் வரைந்தாயிற்று. உள்ளே சுழலும் சக்கரத்தின் இதழைத் திருப்பும்போது திரை நின்றது. மூலையில் தேர்வு நடத்திய பெண்ணின் முகம் அரைக் கண் மூடியபடி நின்றுபோனது. பொற்கொடி மவுஸைத் தட்டினாள், மேசையைத் தட்டினாள், தன் தலையிலும் தட்டிக்கொண்டாள். திரைக்கு உயிர் வந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். மத்தியானமே மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யத் தேவையான வசதி உங்களிடம் இல்லை, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்கள். எதற்கு வாழ்த்து என்றுதான் தெரியவில்லை.

ஆத்திரத்தோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். இதுவரை தொடாத பிராசசர் ஃபேனையும் கழற்றினாள். அடியில் இருந்த தகடுகளுக்கு இடையே வெள்ளையாக அப்பிக் கிடந்தது. காற்று போக வழியே இல்லை. சூடு தாங்காமல்தான் நின்றிருக்கிறது. விரலால் எடுத்துத் தேய்த்தாள். பஞ்சு என்றால் உருளும், இது மாவாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். திருநீறு.

"அம்மா, இதென்னம்மா?"

பொன்னாத்தாள் கொஞ்சம் வெட்கத்தோடு வந்து நின்றாள். "சென்னிமலைத் துண்ணூறு கண்ணு. அன்னைக்கு நீ அழுதயில்ல, கண்ணு பட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ குளிக்கப் போறப்பத் தெனமும், ஓடிட்டிருக்கற பொட்டியோட சல்லடைகிட்ட வெச்சு ஊதி உடுவேன். சாமியே வாங்கிக்கறாப்பல உள்ள இழுத்துக்கும். இன்னைக்குப் பரீட்சைன்னு ரெண்டு கை சேத்தியே போட்டேன்."

"நீதாம்மா கெடுத்துப்போட்டே. என் வேலையக் கெடுத்தது நீதான்."

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். பொன்னாத்தாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

துடைத்து, மாட்டி, மறுபடி போட்டபோது கம்ப்யூட்டர் வெண்ணெயாக ஓடியது. பாதி பம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பியது. ஓடி என்ன செய்ய? பொற்கொடி அதை அணைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் பொன்னாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். விபத்துக்குப் பிறகு தினமும் நடப்பதுதான். மகளின் இடுப்பை நீவிவிட்டு, மேலே திருநீறு பூசி, ஊதிவிட்டுப் போவாள். அன்றும் நீவினாள். டப்பாவிலிருந்து திருநீறு எடுத்த கை பாதியில் நின்றது.

"இதுவும் என்னாலதான் ஆறாமக் கெடக்குதா கண்ணு?"

இல்லை என்று சொல்லப் பொற்கொடி திரும்புவதற்குள், பொன்னாத்தாள் அந்தத் திருநீற்றை டப்பாவிலேயே தட்டி மூடியிருந்தாள்.