அஸருக்குள் வரும் ஆறு

வானம் கழுவித் துடைத்த பீங்கான் மாதிரிப் பளிச்சென்று கிடந்தது. றுக்கியாவுக்கு அதுதான் ஆத்திரம். ஒரு பொட்டு மேகமாவது இருந்திருந்தால் பக்கத்து வயல்கார முனீபுக்கு முகம் கொடுத்துப் பேசியிருக்கலாம்.

மகள் றுஷ்தா காலையில் திருகோணமலையில் இருந்து போன் எடுத்திருந்தாள். ஆற்றில் எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று கம்பியூட்டரில் கணக்குப் பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். "உம்மா, கண்டிப் பக்கம் கொட்டின மழை மகாவலியில வந்துக்கிட்டிருக்கு. பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள நம்மட பட்டிக்குத் தண்ணி வந்திரும். எருமையெல்லாத்தையும் வாய்க்கால் கட்டு மேட்டுக்கு ஏத்துங்க."

ஏற்றுவதென்றால் லேசுப்பட்ட காரியமா? நாற்பத்தொரு எருமை, அதில் மூன்று சினை. பட்டிக்கும் கட்டுக்கும் நடுவே முனீபின் நான்கு ஏக்கர் நெல், முளைத்து இருபது நாள். வெள்ளம் வந்தால் அது எப்படியும் போகும். வராவிட்டால் அதை அழித்தவள் றுக்கியா. பிறகு மூதூரில் எந்தக் கலியாண வீட்டில் போய் முகம் காட்டுவது?

முனீப் மண்வெட்டியோடு வேலிக் கடப்பு வழியை மறித்து நின்றான். "வானத்தப் பாருங்க ராத்தா. எங்கட வாப்பாட காலத்திலயும் ஆறு இந்த வயலுக்கு வந்ததில்ல."

"இப்ப பழைய மழையும் இல்லையாம், பழைய ஆறும் இல்லையாம் தம்பி. புள்ள சொல்றா."

"கம்பியூட்டர்ப் பொட்டி சொல்லிச்செண்டு என்ட வயல மிதிப்பீங்களா?"

நடுப்பகல் லுஹர் பாங்கு முடிந்ததும் றுக்கியா "யா அல்லாஹ்" என்று கடப்புத் தடியை உருவினாள். எருமைகள் வயலுக்குள் இறங்கின. முனீப் மண்வெட்டியை வரப்பில் ஓங்கிக் கொத்தி அப்படியே விட்டான், தலையில் அடித்துக்கொண்டான், வாயில் வந்தபடி ஏசினான். ஆனால் ஒரு மாட்டின் மேலும் கை வைக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் போனது. இரண்டும் போனது. வெயில் கொளுத்தியது. கட்டின் மேல் எருமைகள் அசைபோட்டு நின்றன, கீழே பச்சை வயலின் குறுக்கே கறுப்பாக ஒரு பாதை. முனீப் கட்டின் ஓரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். பாவி, என்ன வேலை பார்த்துவிட்டேன் என்று அவள் தன்னையே ஏசிக்கொண்டாள்.

"ராத்தா." முனீப் கீழே கையைக் காட்டினான்.

பட்டிப் பக்கமிருந்து குளம்படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரால் நிரம்பி வந்தன. சத்தமில்லை, காற்றில்லை. எங்கோ மலையில் முந்தாநாள் விழுந்த மழை, சொன்ன நேரத்துக்கு, மாடுகள் வந்த வழியிலேயே வந்துகொண்டிருந்தது. "சுப்ஹானல்லாஹ்!" றுக்கியாவுக்கு உடம்பு புல்லரித்தது. இதையா என் பிள்ளை கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டே கண்டாள்?

நெல் நுனிகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை. அவனைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"மகளுக்கிட்டக் கேளுங்க," என்றான் முனீப், மெதுவாக. "எது மட்டுக்கும் ஏறுமாம்?"

அவள் போனைக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நீல வானம் அப்படியே விழுந்து கிடந்த தண்ணீருக்கு நடுவே முனீபின் மண்வெட்டிப் பிடி ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. இருவரும் அதையே பார்த்திருக்க, அது ஒரு சாணாயிற்று.