வாயை மூடாத கேமரா

சதகனே யோஷினோரி, வயது ஐம்பத்து நாலு, சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் கைப்பேசியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அது அவன் காசு கொடுத்து வாங்கிய போன். மாதாமாதம் கட்டணம் கட்டுவது அவன். கீழே விழுந்தால் பதறுவதும் அவன்தான். ஆனால் அதற்குள்ளே போய் ஒரே ஒரு கோப்பைத் தொடப் பார்த்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று சொன்னது. குடிவந்தவன் வீட்டுக்காரனை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்துகிற மாதிரி.

அவன் தேடியது கேமராவின் சத்தத்தை. படம் எடுத்தால் ‘கஷா!’ என்று ஒன்று கத்துமே, அது. போனை ஊமையாக்கினாலும் அது கத்தும். ஒலிபெருக்கியை விரலால் பொத்தினாலும் விரலிடுக்கில் கத்தும். ரயிலில் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்த நாலு பொறுக்கிகளால் ஜப்பானில் விற்கிற போன் எல்லாம் இப்படிக் கத்துகிறது. யோஷினோரிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கத்தட்டும். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அது வாயை மூடினால் போதும்.

அந்தப் படம் அவன் அப்பாவுடையது.

அப்பா கிஸாபுரோ, எண்பத்தொன்று, ஹிரோஷிமாவில் நாற்பது வருஷம் டிராம் ஓட்டியவர். நன்றாகச் சிரிப்பார். பேஸ்பாலில் எதிரணிக்காரன் கையில் வந்த பந்தை நழுவவிட்டால் போதும், தோள் குலுங்க, கண் இரண்டும் காணாமல் போகிற அளவுக்குச் சிரிப்பார். ஆனால் ‘கஷா’ என்று காதில் விழுந்தால் தீர்ந்தது. முதுகு நிமிரும். சிரிப்பு உதிரும். கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் ‘வி’ என்று எழும். மணி அடித்தால் கை பிரேக்குக்குப் போவது போல, உடம்பில் ஊறிய பழக்கம். முப்பது வருஷப் படங்களில் அப்பா ஒரே முகத்தோடு இருந்தார்: இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அரசாங்க முத்திரை.

அம்மா போனபோது பட்ட பாடு யோஷினோரிக்கு மறக்கவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சடங்கில் வைக்க ஒரு படம் தேடி எல்லாரும் ஆளுக்கொரு போனைத் துழாவினார்கள். அம்மா எடுத்த படங்கள் ஆயிரம் இருந்தன, அம்மா இருக்கிற படம் இல்லை. கடைசியில் வண்டி ஓட்டும் உரிமத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பூக்களுக்கு நடுவில் வைத்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷி, போலீஸ் கைகாட்டி நிறுத்தியவள் மாதிரி இன்றைக்கும் அப்பா வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து முறைக்கிறாள். அப்பா தினமும் அவளுக்குச் சோறு வைக்கும்போது, “மன்னிச்சுக்கோ” என்று முணுமுணுப்பதை அவன் கேட்டிருக்கிறான்.

வருகிற செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு இதயத்தில் அறுவை. “நல்லாத்தான் முடியும். ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்கே” என்று டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருந்தார். அப்பா சிரிக்கிற படம் ஒன்று அதற்குள் வேண்டும். அதை எந்த வாயால் கேட்பது? ‘அப்பா, கொஞ்சம் சிரிங்க, உங்க சாவுக்குப் படம் வேணும்’ என்றா?

மனைவி சிஸுரு மிஸோ சூப்பை மேசையில் வைத்தாள். “ஏங்க, இன்னுமா அதோட சண்டை? வீடியோ எடுத்து அதுலேர்ந்து ஒண்ணு பிச்சுக்கலாமே.”

“வீடியோ ஆரம்பிக்கும்போது ‘பிப்’புனு கத்துது. பிப்புக்கும் அவர் ரெண்டு விரலத் தூக்கறார்.”

“சத்தமில்லாத கேமரான்னு தனியா ஒரு ஆப் இருக்காமே?”

“எடுத்துப் பாத்தேன். பெருசாக்கினா அப்பா அரிசிக் கஞ்சி மாதிரி தெரியறார்.”

“கடையில போய்க் கேளுங்க.”

யோஷினோரி அவளை முறைத்தான். “ஐம்பத்து நாலு வயசு ஆம்பள, கடைக்காரப் பொண்ணுகிட்டப் போய், ‘அம்மா, கேமரா சத்தம் வராம படம் எடுக்கணும், வழி சொல்லு’ன்னு கேக்கவா? அவ கதவப் பூட்டிட்டு போலீஸக் கூப்பிடுவா.”

சிஸுரு சிரிப்பை அடக்க சூப்பைக் குடித்தாள். “மூஞ்சியும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கு.”

ஆகவே கடைக்குப் போகாமல் இணையத்தில் படித்தான். இந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஊருக்குள் ஏராளம் பேர், எல்லாரும் பூனை வளர்ப்பவர்கள், இல்லையென்றால் தூங்கும் குழந்தையைப் பெற்றவர்கள். ‘தூங்குமூஞ்சிப் பூனையின் அடிமை’ என்ற பெயரில் ஒருவர் வழியை விளக்கமாக எழுதியிருந்தார். முதலில், போனின் விவரப் பக்கத்தில் ஒரு எண்ணை ஏழு தடவை தட்டவேண்டும். தட்டினான். ‘நீங்கள் இப்போது மென்பொருள் உருவாக்குநர்’ என்று திரை அறிவித்தது. இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிற கம்பெனியில் அவனுக்கு ஒரு பதவி உயர்வு தர அத்தனை யோசித்தார்கள். போன் ஏழு தட்டில் தந்துவிட்டது.

அவன் வேலை, சோறு வடிக்கும் குக்கர்களின் கையேட்டில் எச்சரிக்கைகள் எழுதுவது. ‘ஆவி வரும் துளையில் முகத்தை வைக்காதீர்கள்.’ யாரும் படிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். படித்திருந்தால் முகம் வெந்து புகார் எழுதுகிறவர்கள் இருக்கமாட்டார்கள்.

உருவாக்குநர் ஆகியும் பிரயோசனமில்லை. உள்ளே கோப்புறைகளின் பெயர்கள் தெரிந்தன. திறந்தால் எல்லாம் காலி. காலி இல்லை, காட்டமாட்டேன் என்கிறது. கணினியோடு கம்பி போட்டு இணைத்தான். கம்பி பழையது என்றது. சிஸுருவின் கம்பியைக் கேட்டு வாங்கி இணைத்தான். போனின் அடிப்பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்றது. படங்களையெல்லாம் கணினியில் போட்டுவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்று அழுத்தினான். போன் பிறந்த குழந்தையாகி, ‘வணக்கம்! எந்த மொழியில் பேசலாம்?’ என்று கேட்டது. மறுபடியும் கோப்புறைக்குப் போனான். இப்போது கோப்புகள் தெரிந்தன. நீக்கப் போனால், ‘படிக்க மட்டும்’.

“படிக்க மட்டுமாம்! நான் என்ன நூலகத்துக்கா வந்திருக்கேன்?” என்று மேசையைக் குத்தினான். சூப் தளும்பியது.

“மேசைய எதுக்கு அடிக்கறீங்க? அது என்ன பண்ணுச்சு?”

பூனையின் அடிமை அதற்கும் ஒரு வழி எழுதியிருந்தார். அதைச் செய்ய மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் அந்தக் கோப்பு கையில் அகப்பட்டது. இத்தனூண்டு. ஒரு நொடிகூட ஓடாத சத்தம். அதன் பெயரை மாற்றி, போனை அணைத்து, திறந்து, சோயா சாஸ் புட்டியைப் படமெடுத்தான்.

நிசப்தம்.

திரும்பவும் எடுத்தான். சிஸுருவை எடுத்தான். தன் காலை எடுத்தான். நிசப்தம், நிசப்தம், நிசப்தம். யோஷினோரி எழுந்து சமையலறையில் ஒரு சுற்று ஆடினான்.

“இப்ப நெஜமாவே போலீஸக் கூப்பிடணும்” என்றாள் சிஸுரு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பகலில் பேஸ்பால் ஆட்டம். இருவரும் ஒரு பை திராட்சையோடு, அப்பா இருக்கிற எபாவுக்கு டிராம் ஏறினார்கள். அப்பா தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பார், எதிரணிக்காரன் எப்படியும் ஒரு பந்தையாவது விடுவான், யோஷினோரி திராட்சை தின்றுகொண்டே போனில் செய்தி படிக்கிறவன் மாதிரி இருந்து எடுத்துவிடுவான். டிராமில் உட்கார்ந்து கையை எந்த உயரத்தில் வைப்பது என்றுகூடப் பழகிப் பார்த்தான்.

இறங்கும்போதுதான் காசு கட்டவேண்டும். எபாவில் சிஸுரு தன் போனைக் காட்டி இறங்கிவிட்டாள். பின்னால் வந்த யோஷினோரி ஓட்டுநர் பக்கத்துக் கருவியிடம் தன் போனை நீட்டினான். நேற்று மறுபடி ஏற்றிய கட்டணச் செயலி திறக்கவில்லை. அதற்குப் பதில் திரை முழுக்க ஒரு செய்தி: ‘இந்தச் சாதனம் மாற்றப்பட்டுள்ளது. பாதுகாப்பு கருதி இயங்காது.’

பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவரும் எதுவும் சொல்லாமல் நிற்பதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை. யாரோ மெல்லச் செருமினார்கள். சட்டைப்பையைத் தடவினான், சில்லறை இல்லை. இரண்டு வருஷமாக அவன் பர்ஸே எடுப்பதில்லை.

“அவசரமில்லைங்க, நிதானமாப் பாருங்க” என்றார் இளம் ஓட்டுநர். நிதானமாகப் பாருங்கள் என்றால் சீக்கிரம் என்று அர்த்தம்.

யோஷினோரியின் கழுத்தெல்லாம் வேர்த்தது. அடுத்தவர்களுக்கு அரை நிமிஷம் தொந்தரவு கொடுப்பதைவிட ஆற்றில் குதிப்பது மேல் என்று வளர்க்கப்பட்டவன். திரையின் அடியில் ‘சரிசெய்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதற்கு மேலே நாலு வரி எச்சரிக்கை. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுகிற மனிதன் அதைப் படிக்காமலே அழுத்தினான்.

‘மூல நிலைக்கு மீட்கப்படுகிறது’ என்றது போன். கறுத்தது. ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“பரவாயில்லைங்க, அடுத்த தடவ சேத்துக் குடுங்க” என்று ஓட்டுநர் தொப்பியைத் தொட்டார். யோஷினோரி அவருக்கு, வரிசைக்கு, கருவிக்கு என்று மூன்று தடவை குனிந்துவிட்டு இறங்கினான். அப்பாவின் வீட்டு வாசல்வரைக்கும் வட்டம் சுற்றியது. செருப்பைக் கழற்றும்போது திரை ஒளிர்ந்தது: ‘வணக்கம்! எந்த மொழியில் பேசலாம்?’

கேட்டதற்கெல்லாம் ‘சரி’ தட்டிவிட்டு, கேமராவைத் திறந்து, செருப்பைப் படமெடுத்தான்.

கஷா!

“யாருடா அது?” என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல். அவன் எட்டிப் பார்த்தான். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், திரும்பக்கூட இல்லை, இரண்டு விரலைத் தூக்கிவிட்டார்.

யோஷினோரிக்குள் ஏதோ அறுந்தது.

“எறக்குங்கப்பா அந்த வெரல! செருப்புக்குக்கூடவா தூக்குவீங்க!”

“என்னடா ஆச்சு இவனுக்கு? சிஸுரு, வர்ற வழியில சண்டையா?”

“இல்ல மாமா. அவருக்கும் போனுக்கும்தான் சண்டை” என்றாள் சிஸுரு.

“ரெண்டு நாளாப்பா! ரெண்டு நாளா இது வாய அடைக்கப் படாத பாடு பட்டேன். உள்ள ஒளிச்சு வச்சிருந்ததத் தேடிப் புடிச்சு அடைச்சேன். அடைச்சதுக்கு டிராம்ல எறங்கவிடல. டிக்கெட்டுக்குக் காசில்லாம, பின்னாடி எல்லாரும் பாக்க, குனிஞ்சு குனிஞ்சு எறங்கினேன். எல்லாம் போச்சு. திரும்பக் கத்துது! எல்லாம் உங்க ஒரு படத்துக்காக! செவ்வாக்கெழமைக்கு அப்புறம்... அம்மா மாதிரி...” அவன் வாயைப் பொத்திக்கொண்டான். லேட்டாகப் பொத்திக்கொண்டான்.

தொலைக்காட்சியில் கூட்டம் கூச்சலிட்டது. சிஸுரு தரையைப் பார்த்தாள்.

அப்பா பூஜை அலமாரியை ஒரு தடவை பார்த்தார். அம்மா வழக்கம்போல முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனை மேலும் கீழும் பார்த்தார்.

“எம் படத்துக்காக,” என்றார் மெதுவாக, “நீ டிராம்ல டிக்கெட் குடுக்காம எறங்கினியா?”

“அடுத்த தடவ குடுக்கச் சொன்னாங்க.”

“நாப்பது வருஷம் ஓட்டினேன்டா. டிக்கெட் குடுக்காம நழுவறவன முதுகப் பாத்தே கண்டுபுடிப்பேன். கடைசில எம் பையன்...” உதடு துடித்தது. “எங்க லைன்ல! எபாவுல!” தோள் குலுங்க ஆரம்பித்தது. “குனிஞ்சு குனிஞ்சா எறங்கின?”

“சிரிக்காதீங்கப்பா!” என்று யோஷினோரி போனை ஓங்கிக் கத்தினான். “இதுல சிரிக்க என்ன இருக்கு!”

அதுதான் போதுமானதாக இருந்தது. கிஸாபுரோ பின்னால் சாய்ந்து, பல்செட் நழுவ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணே இல்லாமல் சிரித்தார். சிஸுரு தன் போனை எடுத்தாள். கஷா! அவர் காதில் விழவேயில்லை. கஷா! கஷா!

கொஞ்ச நேரம் கழித்து மூவரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். ஒன்று அருமையாக வந்திருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தோடு கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு யோஷினோரி இருந்தான். வாய் முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைத்து, கை ஓங்கி.

“ஸ்டூடியோல குடுத்தா இவர எடுத்துடுவாங்க மாமா” என்றாள் சிஸுரு.

“இவன எடுத்துட்டா, நான் எதப் பாத்துச் சிரிக்கறேன்னு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? கெழவன் மூளை கலங்கிச் செத்தான்னு நெனப்பாங்க.”

“உயிரோட இருக்கறவன் அந்தப் படத்துல இருக்கக் கூடாதுப்பா” என்றான் யோஷினோரி.

அப்பா படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பில் வந்த தண்ணீர்தான்.

“கூடாதுல்ல? அப்ப இது அதுக்கு ஆகாது” என்று போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு மகனிடம் திரும்பினார். “வேற எடுக்கணும். செவ்வாக்கெழமை முடிஞ்சு வந்து உக்காந்துக்கறேன். நீ பொறுமையா எடு. திராட்சை வாங்கிட்டு வர்றேன்னு சொன்னியே, எங்க?”

திராட்சைப் பை டிராமிலேயே போய்விட்டிருந்தது.