ஏழு வாரம் ஓடிய படம்

ஈரப் பஞ்சால் அக்காவின் உதடுகளை ஒற்றிக்கொண்டிருந்தான் தம்பி. தண்ணீர் ஊட்டக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அத்தான் அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை.

அக்கா பேச்சை நிறுத்தி ஐந்து வாரம், சாப்பாட்டை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி, படுக்க வைத்தால் படுத்தபடி. மூக்கில் போட்ட குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டாள். படுத்தே கிடந்ததில் சளி கட்டி, நேற்றிலிருந்து காய்ச்சல்.

பத்து நாளைக்கு முன்பே மனநல டாக்டர் ஒரு வழி சொன்னார். மயக்க ஊசி போட்டுவிட்டு மூளைக்குச் சில நொடி மின்சாரம் கொடுப்பார்கள், இந்த நிலைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, தாமதிக்க வேண்டாம். சம்மதப் படிவத்தை அத்தான் பக்கம் நகர்த்தினார். இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டும் கை, பேனாவைத் தொடவில்லை.

"அந்தப் படத்த நானும் பாத்தேன் டாக்டர். அவளுக்கு அது வேணாம்."

அந்தப் படத்துக்கு ஒலி சேர்த்தவன் தம்பிதான். நிலவறையில் நோயாளிகளைக் கட்டிப்போட்டுக் கரண்ட் வைக்கும் ஒரு டாக்டரின் கதை. வெல்டிங் பட்டறையின் சீறலையும், இரும்புக் கட்டிலை இழுக்கும் ஓசையையும், அடிபட்ட நாயின் முனகலையும் கலந்து அந்த மெஷினுக்கு ஒரு குரல் செய்திருந்தான். தியேட்டரில் பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். ஏழு வாரம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவனைத் தேடி வேலை வந்தது.

வராந்தாவில் அத்தானிடம் கெஞ்சிப் பார்த்தான். அது சினிமா, எல்லாம் நாங்கள் கலந்த சத்தம் என்றான்.

"யாரையும் கேக்காமலா செஞ்சிருப்ப மாப்ள?" என்றார் அத்தான்.

கேட்டிருந்தான். அக்காவைத்தான் கேட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அக்கா இதேபோல் கல்லாய்ப் போனாள். அம்மா அவளைக் கூட்டிப்போய் இதே சிகிச்சையை ஆறு முறை கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. அத்தானுக்குத் தெரியக்கூடாது என்று அக்கா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். படத்துக்காக அவன் போய்க் கேட்டபோது, அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னாள்.

"கையில ஊசி போடுவாங்க. கண்ண முழிச்சா முடிஞ்சிருக்கும். தலை வலிக்கும், அன்னைக்கு நடந்தது கொஞ்சம் மறந்துபோகும். நாலாவது தடவைக்கப்புறம் பசிச்சுதுடா. நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

இதை அவன் சொன்னதும் டைரக்டர் சிரித்தார். பசிச்சா எவன் பயப்படுவான் என்று கேட்டார். தம்பியும் கூடவே சிரித்தான். முதல் வாரமே அக்கா படம் பார்க்க வந்தாள். அந்தக் காட்சியில் சுற்றியிருந்தவர்கள் அலறியபோது அவள் மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "நல்லாத்தான் பயமுறுத்துற" என்றாள்.

வராந்தாவில் அத்தானிடம் அதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மனைவி அதில் பிழைத்தவள் என்று ஒரே ஒரு வரி. சத்தியத்தை நினைத்தான். இத்தனை வருடம் மறைத்தீர்களா என்று அத்தான் கேட்டால் என்ன சொல்வது என்றும் நினைத்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினான். நாளைகள் வரிசையாக வந்துபோயின. பிறகு காய்ச்சல் வந்தது.

மாலை நாலு மணிக்கு அக்காவின் மூச்சு ஒருமுறை நீண்டு, திரும்ப வரவில்லை. பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தானுக்கு அது தெரியவில்லை. நர்ஸ் வந்து அவர் கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் கலைந்தார்கள். அத்தான் சுவரில் சாய்ந்து, நீட்டிய கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அவர் கண் மூடவில்லை.

"கையெழுத்துப் போடாதது நல்லதுதானே, மாப்ள?" என்றார். "அந்த வேதனை இல்லாமலாவது போனா."

அவன் வாயைத் திறந்தான். அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரும்வரை இமைக்கமாட்டார் போலிருந்தது.

"ஆமா அத்தான்" என்றான்.

அவர் தலையாட்டினார். மெல்லச் சரிந்து அங்கேயே வெறுந்தரையில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளையின் சட்டையை உங்கள் அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தேன். இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ஜன்னலோரத் தையல் மெஷினில், ஒரு கை மட்டும் வைத்த வெள்ளைச் சட்டை ஐந்து வாரமாக ஊசிக்கடியில் அப்படியே இருந்தது. அவன் குனிந்து பார்த்தான். ஊசியை எப்படித் தூக்குவதென்று தெரியவில்லை. அத்தான் விழித்துவிடாதபடி, சத்தமில்லாமல் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் தொடங்கினான்.