இன்னொரு தடவை கேட்கட்டும்

கப்பலை விட்டு இறங்குகிற வாசலில் காவலாளி கிழவர் அன்செல்மோவின் அட்டையை வாங்கித் தேய்த்தான். டிங் என்று சத்தம் வந்தது. திரையில் வந்த படத்தையும் எதிரே நிற்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒவ்வொரு துறைமுகத்திலும் இதே கதைதான். சான் ஹுவானில் கப்பல் ஏறிய அன்று எடுத்த படம் அது. படமெடுத்த பெண் இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கெஞ்சியும் அன்செல்மோ கேமராவைப் பார்க்கவில்லை. முகம் முக்கால்வாசி பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"யாரை சார் பாக்கறீங்க இதுல?" என்றான் காவலாளி.

"அழகான பொண்ணு ஒண்ணு போச்சு. உன்னை மாதிரி ஆளு போயிருந்தா திரும்பியிருக்க மாட்டேன்."

"பாப்பி, நடங்க. பின்னாடி கப்பலே நிக்குது" என்று மகள் நெரெய்தா அவர் முதுகைத் தள்ளினாள். பாப்பி என்றால் அவர்கள் பாஷையில் அப்பா. அவள் தோளில் கப்பல்காரர்கள் கொடுத்த நீலத் துண்டுகள் நான்கு. கடற்கரை முழுக்க அந்தக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். வேலி போட்டு, மணலைச் சீவி, நாற்காலியை வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் மரநிழல் நாற்காலி வேண்டுமென்றால் முதலில் ஓடிப்போய்த் துண்டு போட வேண்டும். நெரெய்தா ஓடினாள். ஐம்பது வயதில், மணலில், ஒரு ஜெர்மன் தம்பதியை முந்திக்கொண்டு ஓடி, கடல் வாதுமை மரத்தடியில் நான்கு நாற்காலிகளைப் பிடித்துவிட்டாள்.

நான்கையும் ஒட்டி ஒட்டிப் போட்டாள். அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு அதை ஒட்டினாற்போல் ஒன்று. இந்தப் பயணமே அதற்காகத்தான். தம்பி அப்தியேல் ஓர்லாண்டோவிலிருந்து ஆறு வயது மகள் லியானியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் வரத் துடிக்கிறான் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். இரண்டும் பொய். பொய் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் வந்தார்களே, அதுவே பாதி வெற்றி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கப்பலில் ஏறியதிலிருந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டும், உப்பு ஜாடிகூட நெரெய்தா வழியாகத்தான் போய் வந்தது.

இவர்கள் ஊரான போர்த்தோ ரிக்கோவில் அப்பா அம்மாவைப் பார்த்தால் முதலில் வருகிற வார்த்தை வணக்கமோ சௌக்கியமோ இல்லை. 'ஆசீர்வாதம்' என்று கேட்க வேண்டும். 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்று அவர்கள் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும், போனை எடுத்ததும், வாசலைத் தாண்டும்போதும். அறுபது வயதுக்காரரும் தொண்ணூறு வயது அம்மாவிடம் கேட்பார். கேட்காமல் போனால் செருப்பால் அடித்த மாதிரி. அப்தியேல் ஏழு வருஷமாகக் கேட்கவில்லை.

பெரிய புயல் அடித்த வருஷம். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்கு முன்பே அவளை ஓர்லாண்டோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்தியேல் டிக்கெட் போட்டான். அவள் இந்த வீட்டை விட்டு வரமாட்டாள் என்று அப்பா மறுத்துவிட்டார். புயலில் கரண்ட் போனது, வாரக்கணக்கில் வரவில்லை. அம்மா போய்விட்டாள். சாவுக்கு வந்தவன் ஆசீர்வாதம் கேட்கவில்லை. கல்லறை வாசலில் நின்று, "நீங்கதான் அவளைக் கொன்னீங்க" என்றான்.  அதற்கப்புறம் அன்செல்மோ அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

இதெல்லாம் தெரியாத ஒரே ஜீவன் லியானி. ஓர்லாண்டோவில் வளர்ந்த குழந்தை, வழக்கம் தெரியாது. கப்பலில் முதல் நாள் நெரெய்தாதான் காதோடு சொல்லிக்கொடுத்தாள். கேட்டால் உடனே கிடைக்கிறது என்றதும் குழந்தைக்குக் குஷி வந்துவிட்டது. இப்போதும் அலைக்கும் மரத்தடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"ஆசீர்வாதம், தாத்தா."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கண்ணு."

தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள். வைக்கோல் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தாலும் அன்செல்மோ ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

"எத்தனை தடவை குடுப்பீங்க? தீந்துடாது?" என்றாள் நெரெய்தா.

"இன்னொருத்தன் பங்கும் கையில அப்படியே கெடக்குதே. அதுல எடுத்துக் குடுக்கறேன்."

அந்த இன்னொருத்தன் தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்று இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் மரத்தடிக்கு ஓடுவதையும், அவள் தலையில் கிழவர் கை வைப்பதையும் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, மேலேறி வந்தான். நெரெய்தா குளிர்பானக் கடையில் இளநீருக்கு நின்றிருந்தாள். தம்பி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் உதடு அசைந்தது. ஒரு வார்த்தைதான். காத்திருந்தான். தொப்பி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அப்புறம் தன் நாற்காலியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு கடற்கரையின் மறுகோடிக்கு நடந்துபோனான்.

நெரெய்தா இளநீரோடு ஓடிவந்தாள். தொப்பிக்கு அடியில் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார்.

"போயிட்டானா?"

"தூங்கலையா நீங்க?"

"தூங்கறதா? இந்த ஒரு வார்த்தைக்கு ஏழு வருஷமா காதைத் தீட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். இப்பப் போய்த் தூங்குவேனா?"

"பின்ன ஏன் வாயத் தொறக்கல? கல்லு மாதிரிப் படுத்திருந்தீங்களே."

"இன்னொரு தடவை கேட்கட்டும்." தொப்பியை நகர்த்தி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஏழு வருஷம் காக்க வெச்சான் என்னை. சாப்பாடு வரைக்கும் அவன் காத்திருந்தா என்ன, செத்தா போயிடுவான்?"

"இதென்ன சின்னப்புள்ளை விளையாட்டு, பாப்பி."

"சும்மா இருடி. அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, அதச் சொல்லு."

"அழுதுடுவான் போல இருந்துச்சு."

அன்செல்மோ அவளிடம் கை நீட்டினார். இளநீரில் ஒரு வாய் உறிஞ்சினார். நெஞ்சை லேசாகத் தடவிக்கொண்டார். அவர் தினமும் செய்கிற காரியம் என்பதால் நெரெய்தா அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை.

"பன்னி விலா வறுக்கறானுங்க, வாசனை வருது. ஒரே தட்டுல நிறையப் போட்டுக் கொண்டா. அவனையும் பக்கத்துல உக்கார வை. அவன் கேக்கட்டும், நான் குடுத்துடறேன். அதுக்குள்ள அவன்கிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்."

தொப்பியை மறுபடி கவிழ்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. பாதி வரிசையில் அப்தியேல் வந்து அவள் பின்னால் நின்றான். முகம் சிவந்திருந்தது.

"கேட்டுட்டேன்க்கா. நீ ஆசப்பட்டியேன்னு கேட்டேன். அந்த ஆளு தொப்பியக்கூட எடுக்கல."

"தூங்கியிருப்பார்டா."

"அந்தப் பொடிசு கேட்டா மட்டும் தூக்கத்துலயே குடுக்கறாரா? சான் ஹுவான்ல எறங்கினதும் நான் நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிடறேன். இனிமே என்னக் கூப்பிடாத."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது அவளுக்கு. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழவர் சிரித்த சிரிப்பு. அம்மா போனதற்கு அப்புறம் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இன்னும் பத்து நிமிஷம், தட்டு கைக்கு வரட்டும், அவர் ஆட்டத்தை அவரே ஆடி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டாள். உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது.

"தகராறு பண்ணாம சாப்பிட வா. அப்புறம் எங்க வேணா போ" என்றாள்.

தட்டில் விலாவும் சோறும் வறுத்த வாழைக்காயும் குவித்துக்கொண்டு திரும்பும்போது லியானி எதிரே ஓடி வந்தாள். உதடு பிதுங்கியிருந்தது.

"அத்தை, தாத்தா எனக்குக் குடுக்கல."

"என்ன குடுக்கல?"

"ஆசீர்வாதம். கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தேன். கையப் பிடிச்சும் ஆட்டினேன். என்கூட காய் விட்டுட்டாரா?"

நெரெய்தாவுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தட்டை யார் கையில் கொடுத்தாள் என்று பின்னால் யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஓடினாள். அவளுக்கு முன்னால் அப்தியேல் ஓடிப்போய்த் தொப்பியை எடுத்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. இளநீர் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

கடல் காவல்காரன் வந்தான், நெஞ்சை அமுக்கினான். கப்பல் டாக்டர் வந்தாள், சின்னப் பெண். கப்பல் சிப்பந்திகள் நாற்காலியில் கிடந்த நீலத் துண்டுகளையே எடுத்து விரித்துச் சுற்றிலும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துண்டுக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ இடுப்பை ஆட்டும் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கையை எடுத்தாள்.

"உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆயிடுச்சு. ஒரு மணி நேரம்கூட இருக்கலாம், சரியாச் சொல்ல முடியாது. தூக்கத்துலயே போயிருக்கார். வலி தெரிஞ்சிருக்காது."

அவரை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே தொப்பி போட்ட ஒரு அம்மாள் துண்டு மறைப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, "இந்த நாற்காலிங்க காலியா?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"காலிதான்" என்றாள் நெரெய்தா.

பயணிகள் கண்ணில் படாமல் போக சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. குப்பை டிரம்களும் அழுக்குத் துண்டு மூட்டைகளும் அந்த வழியில்தான் போகும். சின்ன மின்வண்டியில் முன்னால் அப்பா, வெள்ளைத் துணி போர்த்தி. பின்னால் இவர்கள் மூன்று பேர். லியானி அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

 "டாக்டர் ஒரு மணி நேரம்னாளே" என்றான் அப்தியேல்.

"ம்."

"அப்போ நான் கேட்டப்பவே போயிட்டிருந்திருக்கார். அதான் பேசல. மாட்டேன்னு இல்லக்கா. காதுல விழல, அவ்வளவுதான்." அவன் அதைத் திரும்பச் சொன்னான். "காதுலயே விழல."

நெரெய்தா பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் தனக்கென்று ஒரு ஆறுதலைக் கட்டிக்கொண்டுவிட்டான். பேசாமல் தலையாட்டிவிட்டால் போதும், ஆயுசுக்கும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவான். உண்மையைச் சொன்னால், கேட்டது காதில் விழுந்தும் அப்பா கொடுக்காமலே போனார் என்று ஆகும். அப்பா மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. சொல்லாமல் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்த தன் மேலும் வந்தது. அழுகையும் வந்தது. அதை லியானியின் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

வண்டி கப்பல் வாசலில் நின்றது, சிப்பந்திகள் அப்பாவைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். காலையில் இருந்த அதே காவலாளி. யாராக இருந்தாலும் அட்டையைத் தேய்த்தால்தான் உள்ளே போன கணக்கு. அப்பாவின் கழுத்திலிருந்து எடுத்து வைத்திருந்த அட்டையை அப்தியேல் நீட்டினான். டிங். திரையில் படம் வந்தது. காவலாளி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான்.

அப்தியேல் அந்தப் படத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"எங்கக்கா பாக்கறார் இதுல?"

நெரெய்தாவுக்கு மரத்தடிச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பைத் தான் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்.

"உன்னைத்தான். அடுத்த வரிசையில நீ புள்ளையத் தூக்கிட்டு நின்னுட்டிருந்தே. அந்தப் பொண்ணு எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பல."

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்தி, நீ கேட்டது அவர் காதுல விழுந்துச்சுடா. நீ அந்தப் பக்கம் போனதும் தொப்பிக்குள்ள சிரிச்சார். வயிறு குலுங்கச் சிரிச்சார். கண்ணுல தண்ணி. 'இன்னொரு தடவை கேட்கட்டும், சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்கார வை, குடுத்துடறேன்'னார். ஒரே தட்டுல கொண்டாரச் சொன்னார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

அவன் முகம் என்னென்னவோ ஆனது. "கிழவன்" என்றான்.  "எங்கப்பன்தான். வேற எவன் இப்படிப் பண்ணுவான்."

பின்னால் தள்ளுவண்டியைப் பிடித்திருந்தவர்கள் நகரப் பார்த்தார்கள். கொஞ்சம் இருங்கள் என்று அப்தியேல் கையைக் காட்டினான். வெள்ளைத் துணியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தான்.

"ஆசீர்வாதம், பாப்பி."

பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் குனிந்தபடியே நின்றான். காவலாளியும் காத்திருந்தான். பிறகு அப்தியேல் நிமிர்ந்து, தன் அட்டையை எடுத்து நீட்டினான். டிங்.