பூ இன்னும் விழவில்லை

1

இந்தக் கதை ஒரு வேலியில் தொடங்கியது. மெல்பேணுக்கு மேற்கே, வெரிபீ பக்கமாக, கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு சிறு விமானத்தளம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. ஓர் ஓடுபாதை, காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பை, ஒரு கழிப்பறை. கழிப்பறையைத் திறந்துவைத்த மேயரின் பெயரை மட்டும் ஆகாயத்திலிருந்தே வாசிக்கலாம். அங்கே, ஓடுபாதை முடியுமிடத்து வேலியில், செவ்வந்தி இதழ்கள் சிக்கிக் காய்ந்திருந்தன. அப்பால் புல்வெளி. (புல்லின் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.) மிச்சமெல்லாம் கற்பனை.

2

முதலில் இப்படி எழுதினேன்: "கும்பாபிஷேகத் திருநாளன்று வெரிபீ வானமே பக்தியில்..."

வேண்டாம். வானம் பக்தியில் இல்லை, தாழ்ந்த முகிலில் இருந்தது.

பிறகு: "ஆலயத் தலைவர், சமூகத் திலகம், உயர்திரு ராஜரத்தினம் அவர்கள்..."

இது அழைப்பிதழ் நடை. ஆலயம் என்பது ஒரு பழைய பண்டகசாலை. சிட்னியில் ஏதோ ஒரு கோயிலுக்கு ஹெலிகொப்டரிலிருந்து பூத் தூவினார்கள் என்று கேள்விப்பட்ட நாள்முதல் தலைவருக்கு நித்திரை இல்லை. ஹெலிகொப்டர் கிடைக்கவில்லை. பிரசன்னா கிடைத்தான்.

3

பிரசன்னாவுக்குக் கணினி வேலை. வார இறுதியில் சின்ன விமானம் ஓட்டுவான். முகிலுக்குள் பறக்க அவனுக்கு அனுமதியுமில்லை, பயிற்சியுமில்லை.

இவனைக் கோழையாக எழுதுகிறேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. ஒருமுறை வேலைத்தலத்து மேலாளரையே ஏற்றிக்கொண்டு போய், காற்று சரியில்லை என்று அரைவழியில் திரும்பியவன். ஆனால் நரைத்த தமிழர் எவரிடமும் அவன் இதுவரை 'ஏலாது' என்று சொன்னதில்லை. அது அவன் மனைவி யோகாவுக்குத் தெரியும். அதனால்தான் கதை இனி அவள் பக்கத்தில் நிற்கிறது.

4

பூத் தூவ வேண்டியவள் யோகா. செவ்வந்திக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறி இருந்தாள். பிரசன்னா தொலைபேசியில், ராஜரத்தினத்தோடு.

"அங்கிள், முகில் நல்லாக் கீழ நிக்குது. கொஞ்சம் பொறுப்பமே?"

"தம்பி, ஐயர் கும்பத்தைத் தூக்கிட்டார். முகூர்த்தம் உமக்காகப் பொறுக்குமே? சனம் முழுக்க அண்ணாந்துகொண்டு நிக்குது. எம்.பி.யும் கழுத்தை வளைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"ஓம் அங்கிள்."

"இஞ்சேருங்கோ," என்றாள் யோகா. "ஏலாது எண்டு சொன்னா வாய் வெந்துபோகுமே?"

"பெரிய மனுசன் கேக்கேக்க எப்பிடியப்பா? ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன். நீர் இறங்கும்."

"ஏன் நான் இறங்க?"

அவன் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். கூடையை வாங்கி, அவள் இருந்த இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். தொலைபேசியை அவள் கையில் கொடுத்தான். "அங்கிள் எடுத்தாக் கதையும்."

(இந்த இடத்தில் அவள் சாவியைப் பிடுங்கி எறிவதாக ஒரு பிரதியில் எழுதினேன். நன்றாக வந்தது. அவள் செய்யவில்லை.)

விமானம் எழுந்தது. முகில் மூடிக்கொண்டது.

5

முடிவு ஒன்று: முகில் விலகுகிறது, பூமாரி பொழிகிறது, எம்.பி. கும்பிடுகிறார். எழுதும்போதே கூசியது.

முடிவு இரண்டு: அரைவழியில் திரும்பி வருகிறான். ராஜரத்தினம் ஆயுசுக்கும் அவனோடு கதைப்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். பேராசை.

6

சத்தம் திரும்பி வந்தது. முகிலுக்குள் ஒருதரம் வட்டமிட்டது. வேலிப் பக்கம் மிகத் தாழ்வாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

யோகாவின் கையில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, மேல சத்தம் மட்டும் கேட்டது. பூ ஒண்டும் விழேல்லை. வீடியோக்காரன் நிக்கிறான். தம்பியை இன்னொருக்கா வரச்சொல்லும்."

அவள் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பதிலை நான் எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுமுன், நான் முதலில் எடுத்துவிட்ட, புல்லின் நிறத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை நீங்கள் திருப்பிப் போட வேண்டிவரும்.

யோகா: "..........................."

'அங்கிள்' என்று தொடங்குவதா என்பதையும் நீங்களே முடிவுசெய்யுங்கள்.