குரங்கு பங்கு வச்ச படம்

சண்டையில எங்க ஊரைப் பிடிச்ச ஜப்பான்காரன் படம் காட்டுறான்னா பிரிக்பீல்ட்ஸே திரண்டு வரும். இனாமாச்சே! என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவுக்கு அந்தப் படக் கொட்டகையிலதான் வேலை. படம் ஜப்பான் பாஷையில ஓடும், இவர் திரைக்குப் பக்கத்துல நின்னு தமிழ்ல கதை சொல்லணும். வாய்த்துடுக்கு மனுஷன், வேலை என்னமோ பொருத்தம்தான்.

அன்னைக்குப் பெரிய படத்துக்கு முன்னாடி ஒரு குட்டிப் படம் போட்டாங்க. ரெண்டு பூனை ஒரு அப்பத்துக்கு அடிச்சுக்குது. தொப்பி போட்ட குரங்கு தராசைத் தூக்கிட்டு வருது. குரங்குதான் ஜப்பானாம், பூனைங்க நாமளாம். தன்னையே குரங்காப் படம் போட்டுக்கிற ஆளை நான் அப்பத்தான் பார்த்தேன்.

தராசைப் பார்த்ததுமே கொட்டகை குலுங்கிச் சிரிச்சுச்சு. சிரிக்காம? பங்கு வைக்கிறேன்னு கடிச்சுக் கடிச்சு முழு அப்பத்தையும் குரங்கே தின்ன கதை நம்ம சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. படத்துல என்னடான்னா, சரிபாதியாக் கொடுத்துட்டுக் கும்பிடு போடுது. இவராவது சும்மா இருக்கலாம்ல? "பொறுங்க லா, இன்னும் பசிக்கல அதுக்கு"ன்னு சொல்லித் தொலைச்சார்.

படம் முடிஞ்சதும் ஜப்பான் அதிகாரி இவரைக் கூப்பிட்டு விட்டான். ஜனங்க ஏன் சிரிச்சாங்கன்னு அவனுக்குத் தெரியணுமாம். பிடிக்காதவனை சயாம் காட்டுல ரயில் பாதை போட லோரியில ஏத்துற காலம் அது. என் தங்கச்சி புருஷன் பாலன் அப்படிப் போனவன், திரும்பி வரல. நானும் பின்னாலேயே ஓடினேன். இவர் வாய்மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

மொழிபெயர்க்க கௌஸ் பாய் நின்னார். பாசார் கடைத்தெருவுல துணி வித்தவர், ஜப்பான் பாஷை படிச்சுக்கிட்டவர். என் வீட்டுக்காரர் பயத்துல நம்ம கதையை அப்படியே ஒப்பிச்சுட்டார், குரங்கு கடைசித் துண்டை முழுங்கினது வரைக்கும். பாய் வியர்வையைத் துடைச்சுக்கிட்டு, கையால பெரிய தொப்பை வரைஞ்சு காட்டி, நீளமா என்னமோ சொன்னார். அதிகாரி முறைச்சான். அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சான். இவர் தோள்ல தட்டிட்டுப் போயிட்டான்.

எனக்கு இருப்புக்கொள்ளல. என்ன சொன்னீங்கன்னு பாயைப் பிடிச்சுக் கேட்டேன்.

"குரங்கு தன் பங்கையும் கொடுத்துடுச்சு, பூனைங்க தின்னு தின்னு நடக்க முடியாம உருளுது, அந்தத் தொப்பையை நினைச்சுத்தான் சிரிச்சாங்கன்னு சொன்னேன்மா."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த வாரம் பங்கீட்டு அரிசி வாங்கப் போனோம். பிரிக்பீல்ட்ஸ் ஆளுங்களுக்கெல்லாம் பாதி வெட்டு. வயிறு நிறைஞ்சு சிரிக்கிற ஜனத்துக்கு இவ்வளவு அரிசி எதுக்குன்னு அதிகாரி உத்தரவாம். பாய்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார். அவர் பையும் பாதிதான்.

திட்டணும்னுதான் வந்துச்சு. ஆனா இவர் என் பக்கத்துல உயிரோட நிக்கிறாரே! மரவள்ளி இருக்கு பாய், பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன்.

இவர் அரிசியைப் பார்த்தார், அளந்து போட்ட ஜப்பான்காரனைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கால்மேல ஓங்கி மிதிச்சேன். வீடு வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தார்.