நம்பத்தகுந்த வட்டாரம்

நான் தையல்கடை வைத்திருக்கிறேன், அது ஊருக்கே தெரியும். பேப்பரில் அடிக்கடி வருகிற 'நம்பத்தகுந்த வட்டாரம்' நான்தான் என்பது எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

தம்பி நிருபர். மத்தியானச் சாப்பாடு கடைக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டில்தான். பரிமாறும்போது என் வாய் சும்மா இருக்காது. விலைவாசியைப் பற்றிப் புலம்பினால் மறுநாள் 'இல்லத்தரசிகள் கொந்தளிப்பு' என்று வந்துவிடும். கொந்தளித்தது நான் ஒருத்தி, பன்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது மரியாதைப் பன்மை என்பான். தேர்தலைப் பற்றி ஏதாவது உளறினால் நான் 'அரசியல் நோக்கர்கள்' ஆகிவிடுவேன். பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. நான் எழுதிய கட்டுரையைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கூட முழுசாகப் படித்ததில்லை.

வினை ஒரு லாரியில் வந்தது. கடை வாசலில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டு காலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த எரிச்சலோடு தம்பிக்குச் சோறு போட்டேன். இந்தத் தெருவை இடித்து அகலமாக்கினால்தான் விடிவுகாலம், ஆக்கத்தான் போகிறார்கள் பார் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் பேப்பரில், 'சாலை அகலமாகிறது. கட்டிடங்கள் இடிக்கப்படும் என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.'

என் கடை இருக்கும் கட்டிடத்தின் சொந்தக்காரர், பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிற மனிதர். அன்றைக்கே வந்து நின்றார். இடிப்பதற்குள் கட்டிடத்தை விற்றுவிடப்போவதாகவும், மாதக் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதெல்லாம் வெறும் வதந்தி ஐயா, நம்பாதீர்கள் என்று மன்றாடினேன்.

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? பேப்பர்லயே போட்டிருக்கு."

நான் சொன்னதைக் காட்டி எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். உள்ளே போய்த் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து அழுதேன். வேறு தெருவுக்குப் போனால் வாடிக்கையாளர்கள் பின்னாலேயே வருவார்களா? அந்தக் கடைதான் என் சோறு, தம்பியின் மத்தியானச் சோறும் அதுதான்.

தம்பியைப் பிடித்து உலுக்கினேன். மறுப்புச் செய்தி போடடா என்றேன். நகராட்சி மறுத்தால்தான் போட முடியும், நகராட்சியோ எதையும் மறுப்பதும் இல்லை, ஒப்புக்கொள்வதும் இல்லை என்றான். சொன்னது அக்காதான் என்று பத்திரிகை ஆசிரியரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, சொன்னால் அன்றோடு தன் வேலை போய்விடும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மேலே திட்ட மனம் வரவில்லை.

அந்த வாரம் பத்திரிகையாளர் மன்றத்தில் வாசகர் அரங்கம். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து பொதுமக்களை உள்ளே விடுவார்கள். மேடையில் இருக்கும் பத்திரிகைக்காரர்களிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். டீயும் பிஸ்கட்டும் இலவசம் என்பதால் கட்டிடக்காரர் ஒரு கூட்டத்தையும் விடமாட்டார். மன்றத் தலைவர்தான் தம்பியின் பேப்பருக்கும் ஆசிரியர். தண்ணீர் கேட்டால்கூட நாலு பத்தி பேசிவிட்டுத்தான் கேட்பார் என்பதால், மன்றத்தில் அவருக்குப் பெயர் தலையங்கம்.

நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஓரத்து நாற்காலியில் இருந்த தம்பி என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் தவித்தான். கேள்விகள் வந்தன. ஊரையே குறுக்கு விசாரணை செய்கிற கூட்டம், தங்களைக் கேட்டதும் 'பரிசீலனையில் இருக்கிறது', 'சூழலை விட்டுப் பிரித்துப் பார்க்கக்கூடாது' என்று மந்திரிகளைப்போல நழுவியது. எனக்குச் சிரிப்பை அடக்கவே பெரும்பாடாக இருந்தது.

மைக் என்னிடம் வந்தது.

"நம்பத்தகுந்த வட்டாரம்னு போடுறீங்களே, அது யாருங்க?"

தலையங்கம் எழுந்து நின்றே பதில் சொன்னார். உயிரே போனாலும் அதை வெளியே சொல்ல மாட்டோம், அது தொழில் தர்மம் என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். அரங்கமே கைதட்டியது. கட்டிடக்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"யாருன்னு சொல்ல வேணாங்க. ஆனா அந்த வட்டாரமே, தான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டா?"

அப்படியானால் மறுநாளே, அதே இடத்தில், அதே அளவில் மறுப்பு வரும், இது சபையறியத் தான் கொடுக்கும் வாக்கு என்றார். சொன்னது அதே வட்டாரம்தான் என்று எப்படித் தெரியும் என முன்வரிசையில் ஒருவர் இழுத்தார். எழுதிய நிருபருக்குத் தெரியும், அவர் சொன்னால் போதும் என்று தலையங்கம் முடித்துவிட்டார்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். 'டேய்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தம்பி, ரோடு அகலமாகுதுன்னு எழுதினது நீங்கதானே? உங்க வட்டாரம் இன்னைக்கும் அதையேதான் சொல்லுதா?"

அவன் என்னையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான், என் கடை போய்விடும். பக்கத்திலேயே அவனுடைய ஆசிரியர்.

"இல்லக்கா," என்றான். "அது ஏதோ கோவத்துல சொன்னதாம். அப்படி ஒண்ணும் இல்லேங்குது."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி என்று கூப்பிட்டால் அக்கா என்றுதானே எவனும் சொல்வான். தலையங்கம் மட்டும் புருவத்தை உயர்த்தினார்.

"இதை எப்ப கேட்டீங்க?"

"இப்பத்தான் சார்."

பொய்யில்லை. தலையங்கத்துக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் சபையறியக் கொடுத்த வாக்கை அந்தச் சபையிலேயே விழுங்க முடியாதே. போடுங்கள் என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஓடிப்போய் அவன் தலையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. முடியாதே. ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அதே இடத்தில், 'சாலை அகலமாகாது: நம்பத்தகுந்த வட்டாரங்கள் மறுப்பு.' கட்டிடக்காரர் பேப்பரும் கையுமாகக் கடைக்கு வந்தார். நீங்கள் இங்கேயே இருங்கள், விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன் என்றார். வந்ததோடு ஒரு சட்டைக்கும் அளவு கொடுத்தார். தோளை அளந்துகொண்டிருக்கும்போது ரகசியம்போலக் குனிந்து சொன்னார்.

"மொதல்ல சொன்னது எவனோ விவரங்கெட்டவன்மா. இப்ப சொல்லியிருக்கிறது படிச்ச வட்டாரம். எழுத்துலயே தெரியுது."

நல்லவேளை, என் வாயில் குண்டூசிகள் இருந்தன.

மத்தியானம் தம்பி பூனைபோல வந்து உட்கார்ந்தான். நான் பேசாமல் பரிமாறினேன். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏதாவது பேசுக்கா."

"எழுதிக்கோடா. வட்டாரம் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது."

சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.